பொங்காலை அடுப்பும் பாலத்துக் கண்ணாடியும்

எங்கள் பாலத்தை அளக்க ஆள் வருவது புதிதில்லை. பெருமழை பெய்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் தண்ணீர் நின்றால், அடுத்த வாரம் நாலு பேர் வருவார்கள். டேப்பை நீட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், டீ குடிப்பார்கள், போய்விடுவார்கள். பிறகு அடுத்த பெருமழை வரைக்கும் பாலம் இருக்கிறதா போயிற்றா என்று கேட்க நாதி கிடையாது. நான்தான் தினமும் விடிந்ததும் இட்லிச் சட்டியும் சாம்பார் தூக்குமாகத் தள்ளுவண்டியை அதன் மேல் உருட்டிக்கொண்டு போகிறவள். அது நிற்கிறதா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டிய காரியம்.

எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

இங்கே வாய்க்காலைத் தோடு என்பார்கள். தோட்டுக்கு அக்கரையில் எங்கள் குடியிருப்பு. கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நான் வந்த புதிதில் தோட்டைத் தாண்ட ஒரு தென்னந்தடி கிடந்தது, அவ்வளவுதான். பிறகு கான்கிரீட் பாலம் கட்டினார்கள். கொத்தனாரோடு கூட நின்று கலவை சுமக்கிற மைக்காட்டு வேலைக்குக் குடியிருப்புப் பெண்கள் நாங்கள்தான் போனோம். என் மூத்தவள் அப்போது வயிற்றில். அந்தப் பாலத்தை யாராவது "ஓட்டைப் பாலம்" என்றால் என் சமையலைக் குறை சொன்ன மாதிரி எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, தை மாதத்தில், ஒரு பெண் எஞ்சினீயர் வந்தாள். சின்ன வயசு, மலையாளத்துக்காரி, தமிழும் பேசுவாள். டீ குடிக்கவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர் கரையோடு சேருகிற இடத்தில் விரிசல்கள் உண்டு. அந்த விரிசல்களுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிச் சில்லுகளை வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்டு பூசி ஒட்டினாள். ஈரச் சிமெண்டில் தேதியும் ஏதோ எழுத்தும் கீறினாள்.

"இது எதுக்கு மோளே?" என்று கேட்டேன்.

"விரிசல் வளருதா இல்லையான்னு அறியத்தான் அம்மே. செவுரு ஒரு முடியளவு அனங்கினாலும், அசைஞ்சாலும், கண்ணாடி பொட்டும்."

"பொட்டினா? உடைஞ்சா?"

"எழுதி வெப்போம். நாட்டுல உள்ள பாலம், ரோடு, தண்ணிக் குழாய் எல்லாத்துக்கும் வருஷா வருஷம் மார்க் போடணும்னு இப்போ. எது எவ்வளவு சீக்கிரம் மோசமாகுதுன்னு அப்பத்தான் தெரியும். அதை வெச்சுத்தான் பணி எங்கே முதல்லன்னு தீருமானம்."

"அப்போ எங்க பாலம் பாஸா பெயிலா?"

"ஒரு தடவை பார்த்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாது அம்மே. தொடர்ந்து பார்க்கணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் ஒரு பார்வையிலேயே எல்லாம் தெரிந்த முகத்தோடு போனவர்கள். இவள் தெரியாது என்றாள்.

அடுத்து மாசியில் பகவதிக்குப் பொங்காலை வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ரோடு என்பது நடக்கிற இடம் இல்லை, அடுப்பு மூட்டுகிற இடம். மூன்று செங்கல்லை வைத்தால் அடுப்பு. கோயிலிலிருந்து தம்பானூர் வரைக்கும், அதைத் தாண்டியும், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பானையில் பாயசம் பொங்குவார்கள். வெளியூர்ப் பெண்கள் முதல் நாளே பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இடம் பிடிப்பார்கள். எங்கள் பாலத்திலும் இரண்டு பக்கச் சுவரோரமும் அடுப்பு வரிசை போடுவது வழக்கம்.

அந்த வருடம் கொல்லம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து பாலத்தில் இறங்கியது. இங்கே கண்ணாடியைச் சாமியாகக் கும்பிடுகிற கோயில்கள் உண்டு. விஷுக்கணியிலும் கண்ணாடி வைப்பார்கள். சுவரில் சிமெண்டு வைத்துப் பதித்து, பக்கத்தில் எழுத்தும் கீறியிருந்த கண்ணாடிகளைப் பார்த்ததும் அவர்களில் ஒருத்தி கைகூப்பித் தொழுதாள்.

"இது எது பிரதிஷ்டை அக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"எஞ்சினீயர் பகவதி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு வைத்தாள். மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள். சாமிக்கு நேர் முன்னால் இடம் கிடைத்தால் யார் விடுவார்கள்? கண்ணாடிக்கு ஒரு கூட்டம் என்று அடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டார்கள். காய்ந்த ஓலையும் தென்னம்பாளையும் எரிந்தால் என்ன சூடு என்று அடுப்படியில் நின்றவர்களுக்குத் தெரியும். பானை பொங்குவதற்கு முந்தியே கண்ணாடிகள் டப் டப்பென்று தெறித்தன. "தேவி கேட்டாச்சு" என்று குரவையிட்டார்கள். நானும் சேர்ந்து குரவையிட்டேன். புகையில் கண் திறக்க முடியவில்லை. பாயசம் நன்றாக வந்திருந்தது.

அன்று சாயங்காலமே கார்ப்பரேஷன் லாரி வந்து செங்கல்லை எல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. மறுநாள் எங்கள் ஆட்கள் சுவரில் படிந்த கரியைக் கழுவி வெள்ளையடித்தார்கள். வருடா வருடம் செய்கிற வேலைதான். கரி பிடித்த பாலத்தோடு இருந்தால் எங்களைப் பார்த்து நாலு பேர் மூக்கைச் சுளிப்பார்கள். அதற்கு இடம் கொடுக்க மாட்டோம்.

கோடை முடிகிற சமயத்தில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். வெள்ளைச் சுவர், உடைந்த கண்ணாடி. ஒன்று கூட முழுசாக இல்லை. அவள் முகம் மாறிவிட்டது. மறுபடி வரும்போது பெரிய அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தாள். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். இத்தனை சீக்கிரம் எல்லாக் கண்ணாடியும் போயிருக்கிறது என்றால் பாலம் வேகமாக நகர்கிறது, மழைக்கு முந்தி வழியை அடைத்துவிட வேண்டும் என்றார்.

சேதி குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் ஒருத்தரும் அழவில்லை. எல்லார் முகத்திலும் ஒரு சந்தோஷம். அடுத்த வீட்டுக்காரியின் மகன் ஆட்டோ ஓட்டுகிறவன். என்னைப் பெரியம்மா என்பான். அவன்தான் ஓடி வந்தான்.

"பெரியம்மா, ஒரு காரியம். கண்ணாடி எப்படிப் பொட்டிச்சுன்னு நீங்க வாயைத் திறக்கப்பிடாது."

"ஏன்ல?"

"அடைச்சா புதுப்பாலம் வரும்லா. அகலப் பாலம். வண்டி வீட்டு வாசல் வரைக்கும் வரும். இப்போ ஒரு ஆட்டோ எதிர்ல வந்தா இன்னொண்ணு தோட்டுலதான் நிக்கணும்."

அவன் அம்மாவும் வந்தாள். "அக்கா, ரெண்டு மழைக்காலம் ரயில் பக்கமாச் சுத்திப் போனா என்ன கொறஞ்சு போகும்? பொறவு ராஜபாட்டை."

"ரயில் பக்கத்து நடைப்பாலம் படிக்கட்டுல்லா. என் வண்டி படி ஏறுமா?"

"அதுக்கு ஒரு வழி பாக்கலாம்."

"தோட்டுல கீழ, முந்தி இப்படி அடைச்சுப் போட்ட பாலத்துக்கு வழி பாத்தாச்சா? அதுல பாகற்கொடி ஏறிக் காய்ச்சுத் தொங்குது. போன வாரம் நீதான் பறிச்சுட்டு வந்து பொரியல் வெச்ச."

நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் என் வண்டி மட்டும் என்று நினைக்க வேண்டாம். நான் சுமந்த கான்கிரீட்டை, என்னவென்று சரியாகப் பார்க்காமல், விழப்போகிறது என்று எழுதிவைத்துப் போவதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. பாலம் விழும் என்றால் விழும் என்று சொல்லட்டும். நானே முதல் ஆளாக ஒதுங்கிக்கொள்வேன். பொய் சொல்லி வாங்குகிற பாலத்தில் நான் நடக்க மாட்டேன்.

அடைப்பதற்குத் தடுப்புகளோடு அவர்கள் வந்த அன்று, குடியிருப்பே பாலத்து முனையில் நின்றது. நான் வண்டியைப் பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டுப் போனேன்.

"மோளே, கண்ணாடி பாலத்தால பொட்டலை. அடுப்பால பொட்டிச்சு" என்றேன். நடந்ததைச் சொன்னேன், சந்தனம் வைத்தது உட்பட.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா என்னவோ. பெரிய அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆரு பறஞ்ஞு இங்கே அடுப்பு வெக்கான்?" என்றார்.

"பகவதிக்கு அடுப்பு கூட்ட ஆருகிட்ட கேக்கணும் சாரே? உங்க ஆபீஸ் வாசல்லயும்தான் எரிஞ்சுது. உங்க வீட்டம்மா எங்க வெச்சாங்கன்னு கேட்டுப் பாருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னேன். "எனக்குச் சர்க்கரை உண்டு. ஆஸ்பத்திரியில மாசா மாசம் பாக்காங்க. பொங்காலைப் பாயசம் குடிச்சிட்டு நேரா போய் ரத்தம் கொடுத்தா என்ன காட்டும்? அதைத்தான் உங்க கண்ணாடி காட்டுது."

"ஆனா அம்மே" என்றாள் அவள், "பாயசம் குடிக்காத அன்னைக்கும் அம்மைக்குச் சர்க்கரை உண்டல்லோ?"

நல்ல கேள்வி. எனக்குச் சுருக்கென்றது.

"உண்டுன்னா உண்டுன்னு சொல்லு. இல்லாததைச் சொல்லாதே. திரும்பவும் ஒட்டு. மழை ரெண்டும் போகட்டும். அப்புறம் அடை."

அவர்கள் ஒதுங்கி நின்று வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் தடுப்புகளை லாரியில் திரும்ப ஏற்றினார்கள். புதுக் கண்ணாடிகள் வந்தன. இந்த முறை உள்பக்கம் மட்டுமல்ல, தோட்டைப் பார்த்த வெளிப்பக்கத்திலும், பாலத்தின் கால் கரையில் ஊன்றுகிற இடத்திலும் ஒட்டினாள். அடிக்கடி யாராவது வந்து பார்ப்பார்கள் என்றாள். அதற்கிடையில் ஏதாவது தெரிந்தால் கூப்பிடச் சொல்லி ஆட்டோக்காரனிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று முதல் குடியிருப்பில் எனக்கு ஊமைக் காலம். அடுத்த வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு வருவதை நிறுத்திவிட்டாள். குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். "கலெக்டரம்மா வாறாங்க, வழி விடுங்க" என்று ஒருத்தி சொல்லுவாள். அவர்கள் வழி விட்ட இடத்தில் நான் நடுவாகவே நடந்தேன். கலெக்டர் என்றால் கலெக்டர். குடத்தை நிரப்பிக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வந்தேன்.

இடவப்பாதி மழை வந்தது. இங்கே ஜூன் மழைக்கு அந்தப் பெயர். தினமும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளைப் பார்ப்பேன். வெளிப்பக்கத்துக் கண்ணாடிகளைப் பார்க்கத் தோட்டுக்கு இறங்குகிற படியில் இரண்டு மூன்று படி இறங்க வேண்டும். எல்லாம் முழுசாக இருந்தன. அந்த மழைக்காலம் முடிந்தபோது என் நடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. இட்லி வாங்க வருகிற லாட்ஜ் பையன்களிடமெல்லாம் பாலத்தைப் பற்றிப் பெருமையடித்தேன்.

ஐப்பசியில் இடியோடு மழை. மத்தியானம் தொடங்கும், சாயங்காலம் வரை கொட்டும். தோட்டில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்து பாலத்தின் வயிற்றைத் தொட்டுக்கொண்டு போயிற்று. தண்ணீர் வடிந்த காலையில் படி இறங்கிப் பார்த்தேன். எங்கள் கரைப் பக்கத்துக் காலில், வெளிப்புறம், ஒரு கண்ணாடி குறுக்கே பிளந்திருந்தது. மற்றவை எல்லாம் சரியாக இருந்தன. அது ஒன்றுதான்.

அங்கே அடுப்பு வைக்க இடம் கிடையாது. ஏதாவது கட்டை வந்து மோதியிருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியின் முகத்தில் கீறல் ஒன்றும் இல்லை. இரண்டு துண்டுக்கும் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. படியில் உட்கார்ந்துவிட்டேன். பாலத்தின் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஊரோடு எல்லாம் உனக்காகச் சண்டை போட்டேனே, நீ இப்படிப் பண்ணலாமா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது.

கையில் இட்லி எடுக்கிற சட்டுவம் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் இரண்டு துண்டும் தோட்டில் விழுந்துவிடும். தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று என்று சொன்னால் கேட்பார் யார்? அப்படி ஒரு எண்ணம் வந்தது, வந்த வழியே போகவும் செய்தது. அடுப்பால் உடைந்ததை அடுப்பால் என்று சொன்ன வாய், பாலத்தால் உடைந்ததைப் பாலத்தால் என்று சொல்ல வேண்டாமா? முதலாவதைச் சொன்னது என் வண்டிக்காக என்று பிறகு யாரும் பேசக்கூடாது. பேசினால் எனக்குப் பொறுக்காது.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போகத் திரும்பினாள்.

"நில்லு, நீயும் கேளு" என்றேன். "ஏல, அந்தப் பொண்ணுக்குப் போன் போடு."

"எந்தப் பொண்ணு?"

"கண்ணாடிக்காரி. ஒண்ணு பொட்டிச்சு. நம்ம கரைக் கால் அனங்கியிருக்கு."

அவன் வாய் நுரையோடு நின்றான். "பெரியம்மா, இது நீங்களே வந்து சொல்லுதீங்களா?"

"பின்ன, பாலம் வந்தா சொல்லும்?"

அவன் அம்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, "அக்கா, உங்களுக்குக் கிறுக்குத்தான்" என்றாள். அதைத் திட்டாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் அன்றைக்கே வந்தாள். படகு போல ஒரு ரப்பர் மிதவையில் ஆளை இறக்கிக் காலின் அடியைப் பார்க்கச் சொன்னாள். வெள்ளம் அந்த மூலையில் மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. பாலத்தின் உடம்பு நல்ல உடம்புதான், ஒரு கால் மட்டும் மண்ணை விட்டிருக்கிறது என்றாள். புதுப்பாலம் தேவை இல்லை. அந்தக் காலுக்கு அடியில் கான்கிரீட் கொடுத்தால் போதும். அது முடிகிற வரைக்கும் ஆள் நடக்கலாம், சக்கரம் ஏறக்கூடாது.

ஆக, அவனுக்கு ராஜபாட்டை இல்லை. எனக்கு வண்டி இல்லை. மறுநாள் முதல் தள்ளுவண்டியை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கரையிலேயே பூட்டி நிறுத்தினேன். அவன் ஆட்டோவும் அதன் பக்கத்தில் நின்றது. இட்லிச் சட்டியை இரண்டு மூன்று நடையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு நாள் அவன் சாம்பார் தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னான்.

"உங்க நேர்மைக்கு ரெண்டு பேருக்கும் சக்கரம் போச்சு பெரியம்மா."

"காலு போகலைல்லா. நட."

வேலை உடனே நடந்துவிடவில்லை. ஆனால் நடந்தது. பெண்ணின் மார்க் கணக்கில் எங்கள் பாலம் ஒரே மழையில் இறங்கிப்போனது தெரிந்ததால் முன் வரிசைக்கு வந்ததாம். பங்குனியில் தோடு வற்றியிருந்தபோது காலைச் சுற்றி மண் மூட்டை அடுக்கி, தண்ணீரை இறைத்து, கான்கிரீட் போட்டார்கள். வேலை செய்தவர்கள் எல்லாம் வடநாட்டுப் பையன்கள். அதற்கு முந்தின மாசியில் வந்த பொங்காலைக்குக் குடியிருப்புக்காரர்களே அடுப்பைச் சுவரை விட்டுத் தள்ளி வைத்தார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சித்திரையில் வண்டியும் ஆட்டோவும் மறுபடி பாலம் ஏறின.

காரியம் இதோடு முடிந்திருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். அந்தப் பெண்ணைக் கல்லாறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த மழை வந்தது, போயிற்று. அடுத்த தை வந்தது. ஒட்டின கண்ணாடியைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை. நான் பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன. நான் பார்த்தால் யார் எழுதுவார்கள்? எழுதாவிட்டால் வருடா வருடம் என்பது எங்கே? அடுத்த வெள்ளத்தில் ஏதாவது ஆனால், மறுபடி ஒருவர் குனிந்து பார்த்து நிமிர்ந்து, அடைத்துவிடு என்பார்.

வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். புதிதாக வந்திருந்த எஞ்சினீயர் நல்ல பையன்தான். உட்காரச் சொன்னான்.

"பணி கழிஞ்ஞல்லோ அம்மே. இனி எந்தினா?"

"கழிஞ்ச பணி நிக்குதா நகருதான்னு பாக்கத்தான்."

"ரிப்பேர் செஞ்ச பாலமல்லே? லிஸ்டுல பச்சையாக்கும்."

"பச்சைன்னு ஆரு பாத்துச் சொன்னா?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அடுத்த மாசம் ஆளை அயக்காம்" என்றான்.

"அனுப்புங்க. நான் இங்கேயே இருக்கேன்."

"அடுத்த மாசம் வரையா?"

"எனக்கு என்ன வேலை? காலையில இட்லி வித்தாச்சு."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். பியூன் வந்து டீ கொண்டு வரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். இந்த ஆபீஸ்காரர்கள் எங்கள் கரையில் குடித்த டீயே போதும். சாப்பாட்டு நேரம் ஆயிற்று. உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள் எல்லாரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் பென்ஷன் காரியமா என்று கேட்டார். பாலத்துக்காரியம் என்றேன். எந்தப் பாலம் என்று கேட்டார். நான் கட்டின பாலம் என்றேன்.

வெயில் சாயும்போது அந்தப் பையன் ஜீப் சாவியோடு வெளியே வந்தான். "அம்மே, வா, போய் நோக்கிட்டு வராம்" என்று பின் கதவைத் திறந்துவிட்டான்.

"பின்னால உக்காந்தா எனக்கு வழி தெரியாது" என்றேன்.

அவன் முன் சீட்டில் கிடந்த ஹெல்மெட்டையும் பையையும் எடுத்துப் பின்னால் போட்டான். நான் ஏறி உட்கார்ந்து சேலையை ஒழுங்கு பண்ணிக்கொண்டேன். வழி சொன்னேன்.